பத்தர் வீட்டுக்கு நாற்பது நிமிடம்

இல்லை அக்கா, யாரோடும் சண்டை இல்லை. இந்தப் போன் அப்படித்தான் அதிர்ந்துகொண்டே இருக்கும். அணைத்து வைக்கலாம்தான். அணைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை அதிரும்போதும் எங்கோ ஒருவர் என்னைத் திட்டுகிறார் என்று அர்த்தம். பொள்ளாச்சி தாண்டியதிலிருந்து பதினொரு பேர். இல்லை, பத்து. ஒன்று எங்கள் அம்மா, எங்கே வருகிறாய் என்று கேட்டது. சரியாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் நினைக்கிற மாதிரித் திட்டு இல்லை. வேலை விஷயம். கணினியில் விளையாடுகிற விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா, அதைச் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில். மொத்தம் மூன்று பேர். நவநீத் அண்ணன்தான் முதலாளி. படம் வரைய ஒரு பெண். கதையும் விதிகளும் நான்.

சுடுகிற விளையாட்டு இல்லை அக்கா. உங்கள் பேரன் விளையாடுவது வேறு. எங்களுடையது சதுரங்கம் மாதிரி, யோசித்து ஆடுவது. பெயர் 'மூன்றாம் சங்கு'. ஒரு மில் ஊர். ஐந்து தொழிலாளிகள் உங்கள் கையில். அவர்களை வைத்து நீங்கள் ஒரு புரட்சியைத் தொடங்க வேண்டும். டீக்கடையில் பேச வேண்டும், ராத்திரி ஷிப்டில் ஆள் சேர்க்க வேண்டும், மேனேஜருக்குத் தெரியக் கூடாது. மூன்றாம் சங்கு ஊதும்போது அத்தனை பேரும் மில்லை விட்டு வெளியே வந்துவிட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். அடுத்த மில் நிற்கும், அதற்கடுத்த மில் நிற்கும், ஜில்லாவே நிற்கும்.

போன மாதம் வெளியிட்டோம். இணையத்தில் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. வாங்கியவர்கள் அங்கேயே கருத்து எழுதுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கடையே ஒரு வரி போடும். எங்களுக்குச் சிவப்பு எழுத்தில் 'பெரும்பாலும் எதிர்ப்பு' என்று போட்டிருக்கிறது. நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். 'பெரும்பாலும்' என்கிற வார்த்தை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது போய்விட்டால் வெறும் எதிர்ப்பு.

படித்துக் காட்டவா? சிரிக்கக் கூடாது.

'நாற்பத்தொரு மணி நேரம் ஆடினேன். நாற்பத்தொரு மணி நேரமும் தோற்றேன். இது புரட்சி விளையாட்டு இல்லை, காதுகுத்து விளையாட்டு.' இவர் மலேசியாவிலிருந்து. இன்னொருவர், 'இதை எழுதியது மில் முதலாளியின் பேத்தியாகத்தான் இருக்கும்.' இது பாருங்கள், 'கொடுத்த காசை மொய் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் சாப்பாடு போடவில்லையே.' சிரிக்கிறீர்கள். எனக்கும் முதல் நாள் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒருவர், 'அந்த அப்பனை ஆரம்பத்திலேயே கிணற்றில் தள்ளிவிட்டால் ஜெயிக்கலாம். அதற்கு ஏன் பொத்தான் இல்லை?' இதற்கு முந்நூறு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் நான் பதில் எழுதுகிறேன் அக்கா. வணக்கம், தங்கள் கருத்துக்கு நன்றி என்று தொடங்கி, இது உண்மையில் நடந்தது, நடந்ததை மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்று விளக்கி. பதில் எழுதுகிற நேரத்துக்கு விளையாட்டைச் சரிபண்ணு என்று அதற்கும் திட்டுகிறார்கள். அதற்கும் நன்றி எழுதுகிறேன்.

காதுகுத்து எங்கே வந்தது என்கிறீர்களா? அதுதானே எல்லாம். இந்தக் காதைப் பாருங்கள். இடது. இப்போது இதைப் பாருங்கள், வலது. கொஞ்சம் மேலே இருக்கிறது, இல்லையா? தோடு போட்டால் சரியாக உட்காராது. வலது காது எனக்கு ஒன்பது வயதில் குத்தியது, உடுமலையில் ஒரு நகைக்கடையில், துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து. இடது காது பதினோராம் மாதத்தில். நடுவில் போலீஸ் வந்துவிட்டது.

உண்மை. எங்கள் ஊர் மில்லில் அந்த வருஷம் பெரிய போராட்டம். ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே ஜீப் வரும். கூட்டம் போட வழி இல்லை. அப்போது எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, திருமூர்த்தி என்று பெயர், அவர் சொன்னாராம், "அஞ்சு பேரு நின்னாத்தான வருவான்? அக்கா புள்ளைக்குக் காது குத்துவோம். ஐநூறு பேரு வரட்டும். பந்தியில உக்காந்து பேசுவோம். எவன் வந்து கேப்பான்?" பத்திரிகை அடித்தார்கள். மஞ்சள் பத்திரிகை, என் பெயர் போட்டு, 'செல்வி ஜீவிதாவின் காதணி விழா'. ஊரே வந்தது. அது விசேஷம் இல்லை, கூட்டம் என்று தெரிந்தவர்கள் ஐந்தே பேர். மாமா, இன்னும் மூன்று பேர், அப்பா. சாப்பாடு முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லி, மறுநாள் மூன்றாம் சங்குக்கு வெளியே வருவதாக ஏற்பாடு.

கோயிலில் மாமா மடியில் நான். காது குத்த வேண்டிய பத்தர் வரவில்லை. "நான் போய்க் கூட்டியாரேன்" என்று அப்பா எழுந்து போனார். நாற்பது நிமிடத்தில் பத்தரோடு வந்தார். பத்தர் இடது காதைக் குத்தினார். நான் அழுதேனாம். வலது பக்கம் திருப்பி உட்கார வைக்கிறதுக்குள் ஜீப். கையில் நாலு பேர் எழுதிய தாள். நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா மடியிலிருந்து என்னை எடுத்து அம்மாவிடம் கொடுத்தது ஒரு ஏட்டு. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம், "அந்த ஏட்டு நல்லாப் புடிச்சுக் குடுத்தான், கழுத்தத் தாங்கி" என்பாள்.

ஐந்தாவது பெயர் தாளில் இல்லை. அப்பா அமைதியான மனிதர் அக்கா. கூட்டத்தில் இருந்தாலும் இருப்பது தெரியாது. அவரை ஒரு தலைவராக யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் மூன்றாம் சங்கு ஊதியபோது எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள்.

இதைத்தான் விளையாட்டாகச் செய்தேன். வேறு யாரிடமும் இல்லாத கதை என்னிடம் இருக்கிறது, காதிலேயே இருக்கிறது என்றுதான் நவநீத் அண்ணன் என்னை வேலைக்கு எடுத்தார். நான் கற்பனை எதுவும் சேர்க்கவில்லை. ஊரின் வரைபடத்தை அம்மாவிடம் கேட்டுப் போட்டேன். நேரங்களை அப்பாவிடம் கேட்டேன். அப்பா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் மாற்றிச் சொன்னதே கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். "நான் அங்க இல்லவே இல்ல சாமி. பத்தரக் கூட்டியாரப் போயிருந்தேன். முழுசா நாப்பது நிமிசம்." யார் கேட்டாலும் இதுதான். யாரும் கேட்காவிட்டாலும் இதுதான்.

பத்தர் வீடு எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "கோயிலுக்குப் பின்னாலதான். கோயில்ல நின்னு கூப்பிட்டா அங்க கேக்கும்" என்றாள். "அப்பா நாப்பது நிமிசம்னாருங்கம்மா" என்றேன். "சொன்னாரா?" என்றாள். பிறகு குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டையும் போட்டேன். இரண்டும் உண்மை, இரண்டையும் போட வேண்டும் இல்லையா? அங்கேதான் பிழை வந்தது. எங்கள் விளையாட்டில் மனிதர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். ஒரே வேகத்தில் நடப்பார்கள். பத்தர் வீடு போய் வர ஐந்து நிமிடப் பாதை. ஆனால் நாற்பது நிமிடத்தில்தான் திரும்ப வேண்டும் என்று நான் விதி எழுதியிருக்கிறேன். அப்போது கணினி என்ன செய்யும்? நாற்பது நிமிடம் ஆகிற வழியாகப் பார்த்துத் தேடும். ஊரில் அப்படி ஒரு வழிதான் இருக்கிறது. கோயிலிலிருந்து மேற்கே போய், மில் குடியிருப்பைத் தாண்டி, மேனேஜர் பங்களா வாசல் வழியாகச் சுற்றி, பத்தர் வீட்டுக்கு வருகிற வழி. பங்களா வாசலைத் தாண்டினால் மேனேஜருக்குச் சந்தேகம் ஏறும் என்பது பொது விதி. எல்லோருக்கும் உள்ள விதி. சந்தேகம் ஏறினால் ஜீப்.

அதனால்தான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒரு காது முடிந்ததும் ஜீப் வந்துவிடுகிறது. கணினிக்கு மனிதர்களின் நிதானம் தெரியாது. வழியில் நான்கு பேரிடம் நின்று பேசியிருப்பார், காலில் முள் குத்தியிருக்கும். அதையெல்லாம் கணினி எப்படி யோசிக்கும்? வழி தேடுவதில் பிழை. அவ்வளவுதான்.

'பத்தரைக் கூட்டி வரப் போனவன் வழியில் சினிமா பார்த்துவிட்டு வருகிறானா?' இப்படி ஒருவர். 'நாற்பது நிமிடத்தில் நான் பத்தரைப் பெற்றே வளர்த்துவிடுவேன்.' இப்படி ஒருவர். பரவாயில்லை, திட்டட்டும். பிழையைப் பிழை என்றுதான் திட்டுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு கருத்துதான் சரியாகப் படவில்லை.

இதோ. இது பத்து நாளைக்கு முந்தியது. பெயர் 'ஒற்றைக்கடுக்கன்' என்று வைத்திருக்கிறார். எல்லோரும் முப்பது மணி நேரம், நாற்பது மணி நேரம் ஆடிவிட்டு எழுதுகிறார்கள். இவர் ஆடியது மூன்று மணி நேரம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. படிக்கிறேன்.

'போக வர ஐந்து நிமிடம். மீதி முப்பத்தைந்து நிமிடம் எங்கே? எல்லோரும் இதைப் பிழை என்கிறார்கள். இந்த விளையாட்டில் சரியாக இருப்பது இது ஒன்றுதான். எழுதியவருக்கு ஒரு கேள்வி. வலது காதை எப்போது குத்தினார்கள்?'

விளையாட்டில் எந்தக் காது என்று நான் எழுதவில்லை அக்கா. 'ஒரு காது' என்றுதான் வைத்திருக்கிறேன். படத்திலும் குழந்தையின் முதுகுதான் தெரியும். சரிபார்த்துவிட்டேன், நான்கு தடவை.

ஊர்க்காரர் யாரோ விளையாடுகிறார். மாமாவாக இருக்காது. மாமா ஜெயிலிலிருந்து வந்ததும் மில்லில் சேர்க்கவில்லை. திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை. நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வர வேண்டும் அல்லவா, வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான், "அவனுக்கு நம்மளப் பாத்தாப் பொறாமை. வுடு" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்பா அந்த வருஷமே மேஸ்திரி ஆகிவிட்டார். மில் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள். என்னை எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் நடுவில் நான் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷம், ஒரு காசு கட்டவில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி நான். அப்பாவின் நல்ல நடத்தைக்குக் கிடைத்தது. பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

மாமாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். கணினி படித்தான் என்று கேள்வி. ஆனால் அவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியும், அப்போது அவன் பிறக்கவே இல்லை.

அந்த ஒரு கருத்துக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. 'வணக்கம்' வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நவநீத் அண்ணன் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை.

"ஜீவி, ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர். நாப்பத அஞ்சாக்கு."

"நடந்தது நாப்பதுங்கண்ணா."

"நடந்தது உங்க ஊர்ல. ஆடுறவன் சிங்கப்பூர்ல உக்காந்திருக்கான். அவனுக்கு ஜெயிக்கணும். ஒரு தடவையாச்சும் ஜெயிக்கணும்."

"பொய்யாயிருமுங்கண்ணா."

"புரட்சியே பண்ணச் சொல்லி விக்கிறோம், அதுல அஞ்சு நிமிசம் பொய்யா? திங்கக்கிழம பத்து மணிக்குள்ள நீ மாத்து. இல்லீன்னா நான் மாத்தறேன். நானே மாத்தறதுன்னா அப்புறம் நீ எதுக்கு?"

நாளைக்குப் பத்து மணி. எனக்கு வேறு வேலை கிடைக்குமா தெரியாது. ஒன்றரை வருஷம் அலைந்துதான் இது கிடைத்தது. ஊரில் அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கதை எழுதுது" என்று. வேலை போய்த் திரும்பி வந்தேன் என்றால் அவர் தெருவில் எப்படி நடப்பார்?

அதனால் அன்றைக்கு எல்லோரும் போன பிறகு மாற்றிப் பார்த்தேன். சோதனைக்குத்தான். நாற்பதை அழித்தேன், ஐந்து போட்டேன், ஓட விட்டேன். அப்பா கோயிலுக்குப் பின்னால் போனார், பத்தரோடு வந்தார். ஒரு காது. ஜீப் வருகிறதா என்று நான் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. இன்னொரு காது. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை அக்கா. அந்தப் படத்தை வரைந்து வைத்திருந்தோம், ஒரு தடவைகூட ஓடியதில்லை. பந்தி முடிந்தது. மாமா எழுந்து பேசினார். மறுநாள் மூன்றாம் சங்கு ஊதியது. கதவு திறந்து ஆயிரத்து இருநூறு பேர் வெளியே வந்தார்கள்.

வந்து நின்றார்கள். அவ்வளவுதான். நின்றுகொண்டே இருந்தார்கள்.

ஏனென்றால் அதற்கு மேல் நான் எழுதவில்லை. ஜெயித்தால் என்ன நடக்கும் என்கிற கடைசிக் காட்சி என் பொறுப்பு. எழுதிவிட்டேன் என்று நவநீத் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வரவில்லை. மாமா மில்லிலேயே இருக்கிறார். சரி. அப்பா மேஸ்திரி ஆகவில்லை. சரி. நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்? அங்கே வந்து நின்றுவிடும். எப்படியும் யாரும் அதுவரை வர முடியாது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். திரையில் மாமா என்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், கூட்டம் நிற்கிறது, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். நான் கணினியை அணைத்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டேன். இன்று காலையில், பஸ் ஏறுவதற்கு முன்னால், போனில்.

"அப்பா, அன்னிக்குப் பத்தரக் கூட்டியாரப் போனீங்கல்ல, எந்த வழியாப் போனீங்க?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"எதுக்குக் கண்ணு இப்ப?"

"விளையாட்டுல அது வருதுங்கப்பா. நாப்பது நிமிசம்னு போட்டிருக்கேன். எல்லாரும் அதையே கேக்கறாங்க, எங்க போனாரு, எங்க போனாருன்னு."

"எல்லாருமுன்னா எத்தன பேரு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"ரெண்டாயிரம் பேருக்குத் தெரியுமா?"

"தெரியறதுக்கு என்னங்கப்பா இருக்கு? ஆடுனவங்க கேக்கறாங்க."

பிறகு சொன்னார், "அஞ்சுன்னு போட்ரு சாமி. அன்னிக்கு எவன் கடியாரம் பாத்தான்?"

எனக்காகத்தான் சொன்னார் அக்கா. என் வேலை போய்விடக் கூடாது என்று. இருபத்து மூன்று வருஷமாக நாற்பது என்று சொன்ன மனிதர், எனக்காக ஒரு நிமிடத்தில் ஐந்து என்று சொல்லிவிட்டார். பாசம் இல்லாமல் சொல்வாரா? நீங்களே சொல்லுங்கள்.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?

சரி. பரவாயில்லை.

எனக்குச் சந்தேகம் எல்லாம் கணினி மேல்தான். வரைபடத்தில் நான் தூரத்தைத் தப்பாகப் போட்டிருக்கலாம். அம்மா சொன்னதை வைத்துத்தானே போட்டேன், நான் நடந்து பார்க்கவில்லையே. சொந்த ஊர்தான், ஆனால் அந்தத் தெருவில் நான் நடந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கோயில் தெரு வழியாகப் போனால் பக்கம். அப்பா எப்போதும் வண்டியைப் பெரிய ரோட்டில் சுற்றித்தான் ஓட்டுவார். கோயில் தெரு குண்டும் குழியும் என்பார். தார் போட்டு ஆறு வருஷம் ஆகிறது என்று அம்மா ஒரு தடவை சொன்னாள்.

அது என்ன பிரிவு ரோடு? பூலாங்கிணறா? அப்படியென்றால் அடுத்தது எங்கள் கோயில் நிறுத்தம். அதற்கும் அடுத்ததுதான் பஸ் ஸ்டாண்டு. கொஞ்சம் கால் ஒதுக்குங்கள், பையை எடுத்துக்கொள்கிறேன். நான் கோயிலிலேயே இறங்கிவிடுகிறேன்.

இல்லை, வேண்டுதல் ஒன்றும் இல்லை. இந்தப் போனில் கடிகாரம் இருக்கிறது. கோயில் வாசலில் அழுத்திவிட்டு முதலில் பத்தர் வீடு வரைக்கும் போய்த் திரும்புகிறேன். எவ்வளவு ஆகிறது என்று குறித்துக்கொள்கிறேன். பிறகு மேற்கே போய், குடியிருப்பைத் தாண்டி, பங்களா வாசல் வழியாகச் சுற்றி வருகிறேன். ஒரே வேகத்தில், எங்கேயும் நிற்காமல். அதையும் குறித்துக்கொள்கிறேன். கணினியில் பிழை இருந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் நாளைக்குள் சரிசெய்துவிடலாம். அந்த ஒற்றைக்கடுக்கனுக்கும் சரியான பதில் எழுதலாம். நான் அவருக்கு மட்டும் எழுதாமல் விட்டது எனக்கே பிடிக்கவில்லை.

பாருங்கள், மறுபடி அதிர்கிறது.

இது திட்டு இல்லை. அப்பா. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்துவிட்டார் போலிருக்கிறது. எப்போதும் சீக்கிரமே வந்துவிடுவார்.

இல்லை அக்கா, இப்போது எடுக்கவில்லை. நடந்து பார்த்துவிட்டு எடுக்கிறேன். நிற்கட்டும். நாற்பது நிமிடம்தானே.